முறுமுறுப்பும் முறையீடும்

மனிதர் நாவினால் விளையும் குற்றங்களுள் மிகவும் எளியதாகவும், அதனாலேயே மிகவும் பொதுவானதாகவும் இருப்பது முறுமுறுப்பு. பொய் சொல்வோன் தன் மனச்சாட்சிக்கு அஞ்சுகிறான். புறங்கூறுவோன் கேட்பார் யாரேனும் உளரோ என்று சுற்றிலும் பார்க்கிறான். முறுமுறுப்போனோ தான் ஒரு பிழை செய்வதாக எண்ணுவதே இல்லை. உணவுச்சாலையில் ரசம் ஆறிப்போயிற்று, பரீட்சை வினாக்கள் நேர்மையானவையல்ல, மழை பெய்யவில்லை, பெய்த மழை நிற்கவில்லை என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்து, இரவில் மனநிறைவோடு ஜெபம் செய்துவிட்டு உறங்கச் செல்வோர் நம்மில் பலர் உளர்.

இப்பழக்கத்தினின்று கிறிஸ்தவ விசுவாசம் நம்மை விடுவிப்பது எங்ஙனம் என்பதை வேதாகமத்தின் துணைகொண்டு ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம். ஆயினும், தொடங்கும்போதே ஒன்றை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். முறுமுறுக்கலாகாது என்னும் நற்போதனையை வலியோர் எடுத்து, எளியோர் வாயை அடைக்கும் பூட்டாகப் பயன்படுத்தியதும் உண்டு. கூலி குறைந்தவனும், அநியாயமாய் அடிக்கப்பட்டவனும் வாய் திறந்தபோதெல்லாம், நீ முறுமுறுக்கிறாய் என்று அவர்களை அடக்கியவர் உண்டு. ஆகவே, எது முறுமுறுப்பு, எது முறுமுறுப்பு அன்று என்று பகுத்தறியாமல் இவ்விஷயத்தைப் பேசுதல் தீங்காய் முடியும்.

1. சொல்லும் பொருளும்

முறுமுறுப்பு என்பது ஒலிக்குறிப்பினின்று பிறந்த சொல். முணுமுணுப்பு, குசுகுசுப்பு என்பனவும் அவ்வினத்தனவே. புதிய ஏற்பாட்டின் மூலபாஷையாகிய கிரேக்கில் இக்குற்றத்துக்கு வழங்கும் 'கொங்குஸ்மோஸ்' என்னும் சொல்லும், இலத்தீனில் வழங்கும் 'முர்முர்' என்னும் சொல்லும் அங்ஙனமே ஒலியைப் பின்பற்றி எழுந்தவை. தமிழோடு உறவில்லாத அம்மொழிகளும் இக்குற்றத்தை அதன் ஓசையைக்கொண்டே பெயரிட்டன என்பது சிந்திக்கத்தக்கது. சொல்லாகத் திருந்தாது, வாய்க்குள்ளேயே உருண்டுகொண்டிருப்பதே இதன் இயல்பு. பாதி கேட்கவேண்டும், பாதி கேட்கலாகாது என்பதே முறுமுறுப்போனுடைய விருப்பம்.

முறையீடு என்னும் சொல் செவிக்கு இதனோடு ஒத்ததுபோல் தோன்றினும் பிறப்பால் முற்றிலும் வேறானது. முறை என்பது நீதி. நீதி செய்தற்கு உரியவர் முன்னே சென்று தன் குறையைத் தெளிவாய் எடுத்துரைப்பதே முறையிடுதல். அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டிவைத்த சோழனையும், கன்றை இழந்து அம்மணியை அசைத்த பசுவையும் பற்றிய கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் யாவரும் கேட்டிருப்பர். பாண்டியன் அவையில் கையிற் சிலம்போடு நின்ற கண்ணகியும் முறையிட்டவளே. அப்பசுவையேனும் அப்பத்தினியையேனும் முறுமுறுத்ததாகச் சொல்வார் ஒருவரும் இலர். இரண்டிற்கும் அடிப்படை துன்பமே. ஆயினும் முறையீடு உரிய இடத்தை நாடிச் செல்கிறது. முறுமுறுப்பு மேல்விலாசமில்லாத கடிதம்போல் ஊரெல்லாம் அலைந்து ஒருவர் கையிலும் சேராமற் போகிறது.

2. வனாந்தரத்தில் நடந்தது

இவ்வேற்றுமையை இஸ்ரவேலர் சரித்திரத்தில் தெளிவாய்க் காணலாம். எகிப்தில் அடிமைகளாய் இருந்த காலத்தில் அவர்கள் பெருமூச்சுவிட்டு அலறினார்கள்; தேவன் அவ்வலறலைக் கேட்டு, தாம் ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கையை நினைத்தருளினார் என்று யாத்திராகமம் 2-ஆம் அதிகாரம் கூறுகிறது. அங்கே ஒரு கடிந்துகொள்ளுதலும் இல்லை. அதே ஜனங்கள் செங்கடலைக் கடந்து வந்தபின் வாய் திறந்தபோதோ, அது முறுமுறுப்பு என்று பெயர் பெற்றது. ஒரே ஜனம், ஒரே வாய், இரண்டிடத்தும் துன்பம் மெய்யானதே. பின்னை வேற்றுமை யாது?

கடலைக் கடந்து 3 நாள் நடந்த ஜனங்கள் மாரா என்னும் இடத்தில் தண்ணீரைக் கண்டனர், அது கசப்பாயிருந்தது. ஜனங்கள் மோசேக்கு விரோதமாக முறுமுறுத்தார்கள். மோசே கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டான். தாகம் இருவருக்கும் ஒன்றே. பேசிய திசைதான் வேறு. மாராவை விட்டுப் புறப்பட்டதும் அவர்கள் வந்துசேர்ந்த இடம் 12 நீரூற்றுகளும் 70 பேரீச்ச மரங்களும் நின்ற ஏலிம். ஏலிம் அடுத்த தங்குமிடமாய் இருந்ததை மாராவில் நின்றோர் அறியார். நாமும் நம் மாராவில் நின்று அதனை அறிவதில்லை.

எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரண்டாம் மாதத்தின் 15-ஆம் நாளில் அவர்கள் சீன் வனாந்தரத்தில் இருந்தார்கள். விடுதலை பெற்று ஒரு மாதமே கழிந்திருந்தது. அதற்குள் எகிப்தின் இறைச்சிப் பாத்திரங்களும் வயிறார உண்ட அப்பமும் அவர்கள் நினைவுக்கு வந்துவிட்டன; வைக்கோல் கொடுபடாமலே செங்கல் கணக்கை நிறைவேற்றவேண்டியிருந்த நாட்கள் மறந்துபோயின. எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தில் இம்மறதி இன்னும் முதிர்ந்திருப்பதைக் காண்கிறோம். மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், வெள்ளைப்பூண்டு என்று ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்து அழுத அவர்கள், மீனைத் தாங்கள் கிரயமில்லாமல் உண்டதாகவும் சொல்லிக்கொண்டார்கள். அடிமைக்குக் கிரயமில்லாத உணவு ஏது? தங்கள் உடலையும் தங்கள் ஆண்பிள்ளைகளின் உயிரையும் அதற்குக் கிரயமாய்க் கொடுத்தவர்கள் அவர்கள் அன்றோ!

முறுமுறுப்பின் முதல் அடையாளம் இதுவே: அது நினைவைத் திரித்துவிடுகிறது. இரண்டாவது, அது பரவும் தன்மையது. அவ்வதிகாரத்தில் இச்சை முதலில் எழுந்தது, கூட வந்த பல ஜாதியான அந்நியரிடத்தில். பின்பு இஸ்ரவேலர் அனைவரும் தத்தம் கூடார வாசலில் நின்று அழுதார்கள். மூன்றாவது, அது கூடாரத்துக்குள் பேசப்படுவது. தேசத்தை வேவு பார்த்தவர் திரும்பிவந்த காலத்தில் ஜனங்கள் தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்ததாக உபாகமம் 1-ஆம் அதிகாரத்தில் மோசே நினைவூட்டுகிறான். தேவனைப்பற்றிப் பேசினார்கள், தேவனோடு பேசவில்லை.

இம்மூன்றிற்கும் வேராய் இருப்பது ரெவிதீமில் வெளிப்பட்டது. அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, தாகம் பொய்யன்று. ஆனால் அத்தாகத்தோடு, கர்த்தர் நம் நடுவில் இருக்கிறாரா இல்லையா என்ற வினாவும் எழுந்தது. அதனாலேயே அவ்விடம் மாசா என்றும் மேரிபா என்றும் பெயர் பெற்றது. கேட்பார் ஒருவரும் இல்லை என்று எண்ணுகிறவன் யாரிடம் முறையிடுவான்? அவன் முறுமுறுக்க மட்டுமே கூடும். எனவே, முறுமுறுப்பின் வேர் துன்பம் அன்று. அவிசுவாசமே என்று அறிக.

3. மோசேயின் வார்த்தைகள்

இனி, அதே எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தில் நாம் பெரும்பாலும் கவனியாது விடும் ஒரு பகுதி உண்டு. ஜனங்கள் அழுததைக் கண்ட மோசேயும் தன் துயரத்தைக் கொட்டுகிறான். இந்த ஜனங்கள் எல்லாரையும் நானா பெற்றேன், பாலகனைத் தாதி சுமப்பதுபோல் இவர்களை ஏன் சுமக்கவேண்டும், என்னால் ஆகாது, இப்படிச் செய்வதைவிட என்னைக் கொன்றுபோடும் என்ற கருத்துப்பட அவன் பேசுகிறான். ஜனங்களுடைய வார்த்தைகளைவிட இவை கடுமை குறைந்தவை அல்ல. ஆனால் மோசே இவற்றைக் கூடாரத்தில் ஆரோனிடம் சொல்லவில்லை, கர்த்தரிடமே சொன்னான். கர்த்தர் அவன்மேல் கோபங்கொள்ளவில்லை. பாரத்தை அவனோடுகூடச் சுமக்கும்படி மூப்பரில் 70 பேரைச் சேர்க்கச் சொன்னார். ஒரே அதிகாரத்தில், ஒரே பாளயத்தில், முறுமுறுப்பு தண்டனை பெற்றது. முறையீடு துணை பெற்றது.

சங்கீத புஸ்தகமும் இதற்குச் சான்று பகரும். அதிலுள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடுமே. 13-ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள் உடையது. அவற்றுள் முதலிரண்டு வசனங்களில் இன்னும் எத்தனை காலம் என்ற வினா நான்கு முறை கேட்கப்படுகிறது. கடைசி வசனமோ பாட்டில் முடிகிறது. எல்லாச் சங்கீதமும் அங்ஙனம் முடிவதில்லை. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வார்த்தை ஒன்றும் அதன் முடிவில் இல்லை. ஆயினும் அது ஜெபமாகவே பாடப்பட்டது. தேவாலயத்தின் பாட்டுப் புஸ்தகத்திலும் இடம்பெற்றது. யோபுவின் நூலிலோ, தேவனைப் பார்த்து வழக்காடிய யோபுவே நிதானமாய்ப் பேசினான் என்றும், தேவனுக்காகப் பரிந்து பேசிய சிநேகிதர் அவ்வாறு பேசவில்லை என்றும் தேவனே தீர்ப்புச் சொல்லுகிறார்.

இவ்வழியின் முடிவில் நாம் காண்பது சிலுவை. நம் ஆண்டவர் கெத்செமனேயில் பாத்திரம் நீங்கும்படி கேட்டார், சிலுவையில் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வார்த்தைகளையே எடுத்துப் பிதாவை நோக்கிக் கதறினார், தாமும் தாகமாயிருந்தார். ரெவிதீமில் தாகங்கொண்ட ஜனம், கர்த்தர் நம் நடுவில் இருக்கிறாரா என்று கேட்டது. நம் நடுவில் இருப்பது மட்டுமன்று, நம் தாகத்தையும் அவர் கொண்டார் என்பதே கல்வாரியின் விடை. அவ்விடையை விசுவாசிக்கிறவனுக்குத் துன்பம் நீங்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அத்துன்பத்தைச் சொல்லுதற்கு ஒருவர் உளர் என்கிறோம். அவனுக்கு முறுமுறுக்கவேண்டிய அவசியம் இல்லை.

4. கேட்பவர் கடமை

முறுமுறுப்பைப் பற்றிய போதனை பேசுவோருக்கு மட்டும் உரியது அன்று. எருசலேம் சபையில் அன்றாட விசாரிப்பில் தங்கள் விதவைகள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசுவோர் எபிரெயர்மேல் முறுமுறுத்தார்கள் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் 6-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. இஸ்ரவேலரின் வனாந்தர முறுமுறுப்புக்குக் கிரேக்க வேதத்தில் வழங்கிய அந்தச் சொல்லே இங்கும் வருகிறது. அப்போஸ்தலர் நினைத்திருந்தால், வனாந்தரக் கதையைச் சொல்லி அவர்களை அச்சுறுத்தியிருக்கலாம். அவர்களோ சபையைக் கூட்டி, குறையை வெளிப்படையாய் எடுத்து, பந்தி விசாரணைக்கு 7 பேரைத் தெரிந்துகொள்ளச் செய்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்னும் அவ்வேழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை கூறிய பக்கத்தாரிடமே பொறுப்பும் ஒப்புவிக்கப்பட்டது என்று கருத இடமுண்டு. நல்ல செவிகளில் விழுந்தமையால் அம்முறுமுறுப்பு முறையீடாக மாறிற்று.

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியாவில் துறவிகளுக்கு ஒழுங்கு வகுத்த பெனெடிக்ட் என்னும் முனிவர் முறுமுறுப்பை மிகவும் வெறுத்தவர். தம் நூலில் பலவிடத்தும் அதனைக் கடிந்து எழுதினார். அவரே அந்நூலின் 35-ஆம் அதிகாரத்தில், அந்தந்த வாரம் பந்தி பரிமாறுகிற சகோதரருக்கு உணவு வேளைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னதாகவே, வழக்கமான அளவுக்கு மேலாகச் சிறிது அப்பமும் பானமும் கொடுக்கவேண்டும், அப்போதுதான் அவர்கள் முறுமுறுப்பின்றி ஊழியஞ்செய்வர் என்று விதித்தார். பசித்தவனை நோக்கி முறுமுறுக்காதே என்று சொல்லுமுன் அவனுக்கு அப்பம் கொடு என்பது இதன் கருத்து. 41-ஆம் அதிகாரத்தில், சகோதரர் நியாயமான முறுமுறுப்புக்கு இடமின்றித் தம் வேலையைச் செய்யும்படி மடத்தின் தலைவர் யாவற்றையும் ஒழுங்கு செய்யவேண்டும் என்றார். நியாயமான முறுமுறுப்பும் உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டது நோக்கத்தக்கது. மக்கள் எளிதாய்க் கண்டு முறையிட இயலாத மன்னன் தானே அழிந்துபோவான் என்று நம் வள்ளுவரும் எச்சரித்தார். ஆசிரியராயினும், விடுதித் தலைவராயினும், வீட்டில் மூத்தவராயினும், பிறர்மேல் அதிகாரம் பெற்ற எவரும் தம் வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்குகிறதா என்று பார்த்தல் நன்று.

5. பிலிப்பி பட்டணத்துச் சிறை

எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமல் செய்யும்படி பவுல் அப்போஸ்தலன் எழுதியது பிலிப்பியருக்கு. எழுதும்போது அவன் காவலில் இருந்தான். அவன் யார் என்பதை அச்சபையார் நன்கு அறிவர். அவனும் சீலாவும் அப்பட்டணத்திலேயே விசாரணையின்றி வஸ்திரம் உரியப்பட்டு, கோலால் அடியுண்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டவர்கள். நடு இரவில் அவர்கள் தேவனைத் துதித்துப் பாடினார்கள் என்பதை நாம் அடிக்கடி கேட்கிறோம். விடிந்தபின் நடந்ததை அத்துணை கேட்பதில்லை. அதிகாரிகள் அவர்களை இரகசியமாய் விடுதலை செய்ய ஆளனுப்பியபோது, பவுல் புறப்பட மறுத்தான். ரோமராகிய எங்களை விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்துவிட்டு, இப்போது மறைவாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை அழைத்துக்கொண்டு போகட்டும் என்ற கருத்துப்பட அவன் பதில் சொன்னான். அதிகாரிகளும் வந்து வேண்டிக்கொண்டார்கள். இரவில் பாடியவனும் காலையில் நியாயம் கேட்டவனும் ஒருவனே. முறுமுறுப்பின்மை என்பது ஊமையாய் இருப்பது அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அந்நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில், எந்த நிலையிலும் மனரம்மியமாய் இருக்கத் தான் கற்றுக்கொண்டதாகப் பவுல் எழுதுகிறான். கற்றுக்கொண்டேன் என்கிறான், பிறவியிலேயே பெற்றேன் என்று சொல்லவில்லை. அடுத்து, தன்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினால் எல்லாவற்றையும் செய்யக்கூடும் என்று அவன் சொல்லுவதைப் பரீட்சை நாட்களில் மனனஞ்செய்யும் மாணவர் பலர். அவன் அங்கே பேசுவது வெற்றியைப் பற்றி அன்று. பட்டினியாய் இருக்கவும் பரிபூரணமாய் இருக்கவும் தான் அறிந்ததைப் பற்றியே.

நம் திருநெல்வேலிச் சீமையிலும் இப்பாடத்தைக் கற்ற ஒருவர் வாழ்ந்தார். 1895-இல் இந்தியாவுக்கு வந்து, டோனாவூரில் குழந்தைகளுக்குத் தாயாய் விளங்கிய ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931-இல் கீழே விழுந்து காயமுற்றார். 1951-இல் மரிக்கும்வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். அவ்வறையிலிருந்து அவர் எழுதிய நூல்கள் பல. அவற்றுள் ஒன்று, நோயில்லாதவர் நோயாளிக்கு எழுதும் ஆறுதல் மனத்தைத் தொடுவதில்லை என்று கண்டு, நோயாளி ஒருவரே நோயாளிகளுக்கு எழுதியதாய் அமைந்தது. அவர் தம் வலியை இல்லையென்று மறைக்கவில்லை. அதனைப் பிறருக்கு மருந்தாக்கினார். கோவில்களுக்கு விடப்பட்ட சிறுமிகளைப் பற்றியோ அவர் ஒருநாளும் வாளாவிருந்தவர் அல்லர்.

6. நாம் பயிலவேண்டியவை

கற்றுக்கொள்ளத்தக்கது எதுவோ, அதற்குப் பயிற்சியும் உண்டு. மாணவராகிய நாம் நான்கு காரியங்களைப் பயிலலாம்.

முதலாவது, ஒரு குறையைச் சொல்ல வாய் திறக்குமுன், இதனைக் கேட்கிறவர் இதனை மாற்ற வல்லவரோ என்று நம்மையே வினவுதல் வேண்டும். அல்லர் எனின், நாம் கூடாரத்துக்குள் பேசுகிறோம் என்று அறிவோமாக. துயரத்தை நண்பனிடம் சொல்லி ஆறுதல் பெறுவது வேறு. பகைமையை நண்பனுக்கும் ஊட்டுவது வேறு.

இரண்டாவது, அதனைத் தேவனிடம் முழுமையாய்ச் சொல்லுதல் வேண்டும். அழகிய வார்த்தைகளைத் தேட வேண்டுவதில்லை, மோசே தேடவில்லை. நாள் முழுதும் ஒருவரைக் குறித்துக் கசந்திருந்து, இரவு ஜெபத்தில் அவர் பெயரையே எடாது விடுவது ஜெபத்தில் செய்யும் மறைப்பாகும்.

மூன்றாவது, உரியவரிடம் நேரே சென்று தெளிவாயும் மரியாதையாயும் முறையிட்டு, அக்குறையை நீக்கும் வேலையில் பங்கெடுக்க முன்வருதல் வேண்டும். 70 மூப்பர் பாரத்தைச் சுமந்தார்கள். ஏழு பேர் பந்தி விசாரித்தார்கள். விடுதி உணவைப்பற்றி ஆண்டு முழுதும் பேசுவோர் உணவுக் குழுவுக்கு ஆள் கேட்கும்போது தலைகுனிந்து நிற்பரேல், அவர் வேண்டியது நல்ல உணவு அன்று, பேசுவதற்கு ஒரு பொருளே என்பது வெளிப்படும். பிறர் குறையை எடுத்துச் சொல்லவும் நாம் அஞ்சலாகாது. கட்டணம் செலுத்த இயலாது வாடும் உடன்மாணவனுக்காக ஒருவன் போய்ப் பேசுவானாயின், அது முறுமுறுப்பு அன்று, ஊழியம்.

நான்காவது, நினைவைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். வனாந்தரத்தில் பொழிந்த மன்னாவில் ஓர் ஓமர் அளவை எடுத்து, வருந்தலைமுறைகள் காணும்படி ஒரு கலசத்தில் வைக்கக் கர்த்தர் கட்டளையிட்டார். மனித மனம் வெள்ளரிக்காயை நினைத்து மன்னாவை மறக்கும் இயல்புடையது என்பதை அவர் அறிவார். நாள்தோறும் உறங்குமுன் அன்று பெற்ற நன்மை ஒன்றைப் பெயர் சொல்லி நினைந்து நன்றி கூறுவோமாயின், நமக்கும் அத்தகைய கலசம் ஒன்று உண்டாகும். துன்பம் இல்லையென்று நடிப்பதற்கு அன்று. துன்பம் ஒன்றே உண்டு என்னும் பொய்யை நம்பாதிருப்பதற்கே இந்நன்றியறிதல்.

இந்நான்கையும் செய்தபின்னும் மாறாதவை சில இருக்கும். நீங்காத நோய், மீளாத இழப்பு, நாம் விரும்பாத ஊரில் கிடைத்த உத்தியோகம் முதலியவற்றை எந்த அதிகாரியாலும் தீர்க்க இயலாது. அங்கே நாம் 13-ஆம் சங்கீதத்தின் வினாவைக் கேட்கலாம். 88-ஆம் சங்கீதத்தின் இருளில் நிற்கவும் நேரலாம். அங்கும் நாம் பேசுவது ஒருவரோடு. அவர் செவி அடைபட்டதன்று. அவருடைய வாயில் இராக்காலத்திலும் சாத்தப்படுவதில்லை. ஆகையால், கூடாரத்தைவிட்டு எழுந்து அவ்வாயிலுக்குச் செல்வோமாக.